பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு

நகராட்சி உத்தரவில் என் பெயர் இருந்தது.
இருபத்தோராம் எண் கம்பம்,
கவாசே தொடக்கப்பள்ளி வாசல்,
கழற்றி வண்டியில் ஏற்றவும்.
ஒரு ஸ்பேனர், ஒரு ஜோடி கையுறை, அரைநாள் கூலி.

கம்பம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
ஆள் உயரம், உச்சியில் சூரியத் தகடு,
நெஞ்சளவில் சிவப்பாய் ஓர் எண்.
காற்றில் எவ்வளவு கலந்திருக்கிறதென்று சொல்லும்.
விபத்து நடந்த வருடம் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.
அப்புறம் தாய்மார்கள் மட்டும்.
அப்புறம் ஃபுகுஷிமா என்ற பெயரே
செய்திகளில் ஆண்டுக்கொரு முறைதான் வந்தது.
பள்ளியையும் மூடிவிட்டார்கள்.
எண் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

நான் போனபோது காலை ஏழு நாற்பது.
வாசலில் ஒருவன் நின்றிருந்தான்.
இருபதை நெருங்கும் வயது.
காதை மூடிய தடித்த ஹெட்ஃபோன்.
முதுகில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தோல்பை,
வாரை நீட்டி நீட்டித் தைத்திருந்தார்கள்,
மூன்று நிறத் தோலில்.

தள்ளி நின்ற அம்மா குனிந்து வணங்கினாள்.
கன்னோ என்று பெயர் சொன்னாள்.
ஐந்து நிமிடம் கொடுங்கள்,
அவன் வாசித்து முடித்துவிடட்டும்.

பூஜ்யம். புள்ளி. பூஜ்யம். ஏழு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினான்.
மறுபடி விரித்தான். மறுபடி முதலிலிருந்து.

கேட்காமலே சொன்னாள்.
அந்த மார்ச்சில் இஸ்ஸெய்க்கு ஆறு வயது.
நூற்றிருபது சொற்கள் வைத்திருந்தான்,
நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்:
தவளை, ரயில், இன்னும், வேண்டாம்.
உடற்பயிற்சிக் கூடத்தில் நானூறு பேர்,
விளக்கை அணைக்கவே மாட்டார்கள்.
இரவெல்லாம் அலறினான்.
யாரும் திட்டவில்லை.
பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.
அதன்பிறகு பதினொரு நாள் காரில் படுத்தோம்.
பதினொன்றாம் நாள் அலறல் நின்றது.
சொற்களும்.

நாலு ஊர் மாறினோம்.
இரண்டாம் ஊரில் ஒருத்தி
என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்,
கதிர்வீச்சால்தானே பிள்ளை இப்படி?
இல்லை, பிறவியிலேயே.
இழப்பீட்டு மேசையில் ஒருவர்
மிகவும் மரியாதையாகக் கேட்டார்,
பிறவியிலேயேதானே பிள்ளை இப்படி?
ஆமாம், ஆனால்

அந்த 'ஆனால்' எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ஊர் திறந்ததும் திரும்பி வந்தோம்.
இந்தக் கம்பத்தின் முன் நின்றவன்
பூஜ்யம் என்றான்.
ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு சொல்.
எந்தத் தாய் பூஜ்யத்துக்கு அழுவாள்? நான் அழுதேன்.
மழையில் எண் கொஞ்சம் ஏறும்.
அன்று மதியம்வரை சோற்றைத் தொடமாட்டான்.

நான் ஸ்பேனரைக் கை மாற்றிப் பிடித்தேன்.

அந்தக் கூடத்தில் நானும் இருந்தேன்.
மேடைப் பக்கம், மூன்றாம் வரிசை, சாம்பல்நிறப் போர்வை.
அலறிய பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை.
பெருமூச்சு விட்டது நினைவிருக்கிறது.
சத்தமாகவே விட்டேன்.
கேட்கட்டும் என்றுதான் விட்டேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு போன் செய்தேன்.
இனிக் கவலைப்பட ஏதுமில்லை என்பதால்தானே எடுக்கிறோம், என்றார்கள்.
உத்தரவில் இன்றைய தேதி.

போல்ட்டுகள் நான்கு.
மூன்று கழன்றன.
நாலாவது துருவேறி இறுகியிருந்தது,
பொய்யில்லை, வந்து பார்க்கலாம்.
எண்ணெய் வண்டியில் இருந்தது.

கழற்றிய மூன்றையும் திரும்பப் பூட்டினேன்.
போல்ட் வரவில்லை என்று படிவத்தில் எழுதினேன்.
அதற்கு ஒரு கட்டம் இருந்தது.
அடுத்த வாரம் வேறொருவனை அனுப்புவார்கள்,
இளையவனாக, நல்ல பலமுள்ளவனாக.

கிளம்பும்போது கண்ணாடியில் தெரிந்தார்கள்.
அவள் கைக்குட்டையால் திரையைத் துடைத்தாள்.
அவன் விரலை மடக்கத் தொடங்கியிருந்தான்.
பக்கத்து இருக்கையில் எண்ணெய் டப்பா
ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு
கதவில் இடித்தது.